எவன் கூப்பிடும் தூரம்?

நான்கு மாநிலங்களில் குடியிருந்து, நான்கிலும் ஆட்களோடு சண்டை போட்டவள் நான். பால்காரர், கேஸ்காரர், அப்பார்ட்மெண்ட் செயலாளர், ரயிலில் என் படுக்கையில் படுத்துக்கொண்டு எழுந்திருக்க மறுத்த ஒரு ரிட்டயர்ட் தாசில்தார் என்று யாரையும் விட்டுவைத்ததில்லை. ஆனால் நான் திட்டத் திட்ட, தலையைச் சாய்த்து, கண்ணை மூடி, கச்சேரி கேட்பது போலக் கேட்டுவிட்டு, "தொண்டை நல்ல தொண்டை மதினி" என்று பாராட்டிய மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான். அவர்தான் கூப்புடுதூரம்.

பெற்றவர்கள் வேறு ஏதாவது பெயர் வைத்திருப்பார்கள். சிவகாசி வட்டாரத்தில் அது யாருக்கும் தெரியாது. வீடு, மனை வாங்கி விற்கும் புரோக்கர். கழுத்தில் ஒரு துண்டு, காலுக்கு இடையில் ஒரு பழைய மொபெட். போனைக் காதில் வைத்துப் பேச மாட்டார். கையை நீட்டி, போனைத் தூரமாகப் பிடித்துக்கொண்டுதான் பேசுவார். பக்கத்தில் வைத்துப் பேசினால் போன் தாங்காது என்று அவருக்கே தெரியும்.

என் வீட்டுக்காரர் அச்சு மெஷின்களைப் பழுது பார்க்கும் இன்ஜினீயர். கம்பெனி எங்கே அனுப்புகிறதோ அங்கே பெட்டியைக் கட்டுவோம். சூரத், ஹூப்ளி, விஜயவாடா, கடைசியாக நாக்பூர். எல்லா ஊரிலும் வாடகை வீடு. வாடகை வீடு என்றாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சூரத்தில் ஓனர் அம்மாள், நாங்கள் கருவாடு வறுத்தோமா என்று சுவரில் மூக்கை வைத்து மோந்து பார்ப்பாள். ஹூப்ளி ஓனர் ஆணி அடிக்கக் கூடாது என்றதால் கல்யாண போட்டோவை பீரோவுக்குப் பின்னால் சொருகி வைத்துக் குடித்தனம் நடத்தினோம். நாக்பூர் ஓனரோ எங்கள் வீட்டுக்கு விருந்தாளி வந்தால் வாசலில் நின்று செருப்புகளை எண்ணுவார். இதையெல்லாம் பொறுத்துக்கொள்ள நான் என்ன மண்ணாங்கட்டியா?

ஆகவே, "சிவகாசிக்கு மாற்றல், இனி ரிட்டயர் ஆகும் வரை அங்கேதான்" என்று கம்பெனி சொன்ன அன்றே நான் சொல்லிவிட்டேன். "சொந்த வீடு. இல்லைன்னா நீங்க மட்டும் போங்க." எனக்கும் அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் வேலைக்கு வரச் சொல்லிவிட்டார்கள். வீடு பார்க்க லீவு கிடைக்கவில்லை. யாரோ கூப்புடுதூரத்தின் நம்பரைக் கொடுத்தார்கள். வீடியோ காலில் வீட்டைக் காட்டினார்.

வீடு அழகாகத்தான் இருந்தது. புது வீடு, மேலே மொட்டை மாடியில் ஒரு ஒற்றை அறை. நான் ஒவ்வொன்றாகக் கேட்டேன்.

"பஸ் ஸ்டாப்பு எம்புட்டுத் தூரம்?"

"கூப்புடு தூரம் மதினி."

"ஆஸ்பத்திரி?"

"அதுவும் கூப்புடு தூரந்தான்."

"மளிகைக் கடை?"

"அதுக்குக் கூப்புடக்கூட வேணாம். செருமுனாப் போதும்."

பின்னால் நின்ற என் வீட்டுக்காரர், "கிலோமீட்டர்ல எவ்வளவுன்னு சொல்லச் சொல்லு" என்றார். கூப்புடுதூரத்துக்கு முகம் சுருங்கிவிட்டது. "அண்ணாச்சி, கிலோமீட்டரெல்லாம் ரோடு போடுறவனுக்கு. குடியிருக்க வாரவுகளுக்கு எதுக்கு? நம்பிக்கை இல்லைன்னா இங்கன பாருங்க" என்று மாடிக்கு ஏறினார். துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். வாயில் கையைக் குவித்து, "ஏலேய் மாரிமுத்தூ!" என்று ஒரு சத்தம் கொடுத்தார். நாக்பூரில் எங்கள் பால்கனியில் உட்கார்ந்திருந்த புறாக்கள் பறந்துவிட்டன. கொஞ்ச நேரம் கழித்து எங்கிருந்தோ, "என்னண்ணேய்!" என்று பதில் வந்தது.

"பஸ் ஸ்டாப்புல டீக்கடை வச்சிருக்கான் மதினி. கேட்டீகளா? இப்பச் சொல்லுங்க, தூரமா?"

"தூரமில்லை" என்று சொன்னது நான்தான். சாத்தூர்ப் பக்கம் பிறந்து வளர்ந்தவள் நான். எங்கள் வீட்டுக் கொல்லையில் நின்று அம்மா கூப்பிட்டால் நாலு வீடு தள்ளி இருக்கும் சித்தி ஏன் என்று கேட்பாள். கூப்பிடு தூரம் என்றால் எனக்கு அதுதான். பிள்ளைகளுக்கு மீட்டரும் சென்டிமீட்டரும் சொல்லிக்கொடுத்த நான், வாழ்நாள் சேமிப்பைப் போட்டு வாங்கும் வீட்டை ஒருவர் தொண்டையை வைத்து அளந்து வாங்கினேன்.

பத்திரம் பதிய என் வீட்டுக்காரர் மட்டும் ஒரு நாள் லீவில் ஓடி வந்தார். கூப்புடுதூரம் ஒரு வாடகைக் காரில் ஏற்றி, வழியெல்லாம் பேசிக்கொண்டே கூட்டிப்போய்க் காட்டி, பேசிக்கொண்டே கூட்டி வந்துவிட்டார். இவரும் வழியைப் பார்க்கவில்லை. "சுவரைத் தட்டிப் பார்த்தேன். கெட்டியா இருக்கு" என்று நாக்பூருக்கு வந்து சொன்னார்.

சாமான் லாரியோடு நாங்கள் வந்து இறங்கிய அன்றைக்கு அடித்த வெயிலை விட எனக்கு ஏறிய சூடு அதிகம். இரண்டு சிங்கங்கள் உட்கார்ந்த வளைவு ஒன்று. அதில் 'நியூ சிங்கப்பூர் நகர், ஃபேஸ் டூ' என்று எழுதியிருந்தது. உள்ளே விரல் விட்டு எண்ணக்கூடிய வீடுகள், மஞ்சள் பூசிய மனைக் கற்கள், மீதியெல்லாம் சீமைக் கருவேலம். ஃபேஸ் ஒன் எங்கே என்று லாரி டிரைவரிடம் கேட்டேன். "அது சிங்கப்பூர்லயே இருக்கும்க்கா" என்றார் அவர். பஸ் ஸ்டாப்பைத் தேடி நடந்தேன். ஒரு பொட்டலம் கடலையை ஒவ்வொன்றாகத் தின்றுகொண்டே நடந்தால், பொட்டலம் தீர்ந்த பிறகும் பஸ் ஸ்டாப் வராது. இன்னொரு பொட்டலம் வாங்க வழியில் கடையும் கிடையாது.

வியர்த்து விறுவிறுத்துத் திரும்பி வந்தவளைப் பார்த்து என் வீட்டுக்காரர் நிதானமாகக் கேட்டார்.

"எவன் கூப்புடுற தூரம்னு கேட்டியா நீ?"

அந்த மனிதரை அன்றைக்கு நான் ஒன்றும் செய்யாமல் விட்டதற்கு எனக்கு ஒரு மெடல் கொடுக்கலாம்.

விசாரித்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. கூப்புடுதூரம் முன்னே விருதுநகர் பஸ் ஸ்டாண்டில் பிரைவேட் பஸ்ஸுக்கு ஆள் கூப்பிட்டவராம். இவர் ஒரு வரிசையில் நின்று "சாத்தூர், கோயில்பட்டி" என்று கூவினால், எதிர் வரிசையில் நின்று "அருப்புக்கோட்டை, பந்தல்குடி" என்று கூவினவன்தான் அந்த மாரிமுத்து. இவர்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் கூப்பிட்டுக்கொள்ளும் தூரத்தில் ஒரு தாலுகாவையே வைக்கலாம். அதை நம்பி நான் வீடு வாங்கியிருக்கிறேன்.

மறுநாள் காலையில் மொபெட்டில் சிரித்துக்கொண்டே வந்து இறங்கினார். பால் காய்ச்சியாச்சா என்று வேறு கேட்டார். "வாங்க கொழுந்தனாரே" என்று ஆரம்பித்தேன். ஏமாற்றுக்காரன், புளுகன், கண்கட்டு வித்தைக்காரன் என்று நாக்பூரில் கற்றுக்கொண்டது, சாத்தூரில் மறந்துபோனது எல்லாவற்றையும் இறக்கினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு முழுக்கக் கேட்டார். முடிந்ததும் கண்ணைத் திறந்தார்.

"தொண்டை நல்ல தொண்டை மதினி. ஆனா அடிவயித்துல இருந்து வரலை. கழுத்தோட நின்னுபோகுது."

"என்னது?"

"நான் ஒரு பொய் சொன்னேனா? கூப்புட்டேன். அவன் ஏன்னு கேட்டான். நீங்களும்தான கேட்டீக? வீடு தூரத்துல இல்ல மதினி. ஒங்க சத்தம் பத்தலை."

கையில் விளக்குமாறு இருந்தது. எறிந்தேன். அதைப் பிடித்து, ஓரமாகச் சாய்த்து வைத்துவிட்டு, "ஒங்களுக்கு என்ன, பஸ்ஸு நிக்கணும். அம்புட்டுத்தான? நான் பாத்துக்கிடுறேன்" என்று போய்விட்டார்.

பார்த்துக்கொண்டார். அதற்கு அவர் பார்க்காமலே இருந்திருக்கலாம். பள்ளிக்கூடம் திறந்த நாளிலிருந்து தினமும் பஸ் வரும் நேரத்துக்கு வளைவில் வந்து நின்றார். பஸ் மெயின் ரோட்டில் தலை காட்டியதும், "மாரிமுத்தூ! டீச்சர் வாராக! நிப்பாட்டூ!" என்பார். மாரிமுத்து பஸ்ஸை மறிப்பான். டிரைவர் ஹாரன் அடிப்பார். நான் சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு கருவேல மரங்களுக்கு நடுவே ஓடுவேன். இவர் பின்னால் மொபெட்டில் வந்துகொண்டே வர்ணனை கொடுப்பார். "கொண்டை போட்டுக்கிட்டே ஓடியாராக! டிபன் பாக்ஸ மறந்துட்டாக! அண்ணாச்சி எடுத்துக்கிட்டு ஓடியாராரு!" மொபெட்டில் ஏற்றிக்கொள்ளலாமே என்று கேட்பீர்கள். அதன் பின் சீட்டு கழன்று விழுந்து வருஷக் கணக்காகிவிட்டது.

கேஸ் தீர்ந்தால் நான் போனில் பதிவு செய்வதற்குள் இவர், "சிங்கப்பூர் நகர்ல சிலிண்டரு தீந்துபோச்சூ! சோறு பாதி வேக்காட்டுல நிக்கிதூ!" என்று சொல்லிவிடுவார். பக்கத்து வீட்டு அம்மாள் பாத்திரத்தில் சோறு கொண்டுவந்து கொடுத்துவிட்டு, என் அடுப்படியையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுப் போவாள்.

இதையெல்லாம் தாங்கினேன். என் வீட்டுக்காரருக்கு வயிறு கெட்டுப்போன நாளைத்தான் தாங்க முடியவில்லை. வாசலில் நின்ற கூப்புடுதூரத்திடம், மருந்துக் கடை எத்தனை மணிக்குத் திறக்கும் என்று மட்டும்தான் கேட்டேன்.

"மாரிமுத்தூ! அண்ணாச்சிக்கு வயித்தால போகுதூ! மாத்திரை வாங்கி பஸ்ஸுல குடுத்துவிடூ!"

"எத்தனை தடவைண்ணேய்?"

இவர் என்னைத் திரும்பிப் பார்த்து, பணிவாக, "எத்தனை தடவை மதினி?" என்றார். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போனேன். மாத்திரை வந்தது. கூடவே, மோர் மட்டும் கொடுக்கச் சொல்லி டிரைவர் சொல்லிவிட்ட யோசனையும் வந்தது. மறுநாள் சிவகாசியில் ஒரு அச்சகத்தில் மெஷினுக்கு அடியில் படுத்து வேலை பார்த்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரரிடம், காலண்டர் அடிக்கிற தொழிலாளி ஒருவர் குனிந்து, "சார், இப்பக் கட்டிருச்சா?" என்று கேட்டிருக்கிறார்.

அந்த வாரமே எட்டாம் வகுப்புக் கரும்பலகையில், 'ஒரு கூப்பிடு தூரம் = எத்தனை கி.மீ.?' என்று எவனோ எழுதி வைத்திருந்தான். கணக்கு டீச்சருக்கு இதைவிட அவமானம் உண்டா? எனக்கு அழுகை வந்தது. கோபம் வந்தால் அழும் ஜாதி நான். அதை வைத்து யாரும் என்னை மென்மையானவள் என்று நினைத்துவிட வேண்டாம்.

என் வீட்டுக்காரர் ஏற்கெனவே சிவகாசிக்குள் ஒரு வாடகை வீடு பார்த்து வைத்திருந்தார். "பஸ் வாசல்ல நிக்கும். ஓனர் ரொம்ப நல்ல மாதிரி. திங்கட்கிழமை அட்வான்ஸ் குடுத்துரலாம். இதை வித்துருவோம்" என்றார். நல்ல ஓனராம்! நல்ல ஓனர் என்பவர் செருப்பை எண்ணும்போது சிரித்துக்கொண்டே எண்ணுவார், அவ்வளவுதான் வித்தியாசம். இந்த வீட்டில் நான் வந்த மறுநாளே கல்யாண போட்டோவை நடு ஹாலில் மாட்டியிருந்தேன். சுத்தியலை ஓங்கும்போது யாரிடமும் கேட்கவில்லை. இப்போது அதைக் கழற்றி மறுபடி பீரோவுக்குப் பின்னால் வைப்பதா? இந்தக் காட்டில் கிடப்பதும் முடியாது, இதை விடுவதும் முடியாது. இரண்டுக்கும் காரணமான ஆளைச் சும்மா விடக் கூடாது என்று ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் வீட்டைத் தேடிப் புறப்பட்டேன். "நீங்கதான வித்தீங்க, நீங்களே ஆள் பிடிச்சு வித்துக் குடுங்க" என்று அவர் வாசலில் நின்று கத்துவதுதான் திட்டம்.

சிவகாசியில் ஒரு குறுகலான தெரு. வீட்டைக் கண்டுபிடிக்க விலாசமே வேண்டாம், காதைத் தீட்டிக்கொண்டு போனால் போதும் என்று நினைத்துப் போனேன். தெரு அமைதியாகக் கிடந்தது. விசாரித்துத்தான் கண்டுபிடித்தேன். கீழே பட்டாசுக் கடை, மாடியில் வாடகைக்கு விட்ட வீடு. கதவைத் தட்டினேன். அவர் மனைவி திறந்தார். பட்டாசு கம்பெனிக்கு வேலைக்குப் போகிறவர், விரல் நுனியெல்லாம் மருந்தின் வெள்ளி மினுக்கம். உதட்டில் விரலை வைத்து, உள்ளே வரச் சொன்னார்.

கூப்புடுதூரம் பாயில் உட்கார்ந்திருந்தார். "வாங்க மதினி" என்றார். வாய் அசைந்தது, காற்று மட்டும்தான் வந்தது.

"தொண்டைக்கு என்ன ஆச்சு?" என்று நான் பதறிவிட்டேன்.

"ஒண்ணுமில்ல. கீழ ஓனர் இருக்காக. மெல்லப் பேசுங்க" என்று கிசுகிசுத்தார்.

அவர் மனைவி என் காதுக்கு அருகே வந்தார். "எத்தனை வீடுன்னு எண்ணுறதையே விட்டாச்சு மதினி. எல்லா வீட்டுலயும் இவுக வாயாலதான் காலி பண்ணச் சொன்னாக. இந்த ஓனர், படியேறுனா வாயத் தொறக்கக் கூடாதுன்னு சொல்லித்தான் வீடு குடுத்தாரு. இங்கன நாங்க சண்டை போட்டாக்கூடக் கையாலதான்."

நான் திடுக்கிட்டுக் கூப்புடுதூரத்தைப் பார்த்தேன்.

"அடிக்கிறது இல்ல மதினி. சைகையில" என்றார் அவர் மனைவி.

கூப்புடுதூரம் பாயின் கோரையைப் பிய்த்துக்கொண்டே, "அதான் விடிஞ்சதும் ஒங்க நகருக்கு ஓடியாந்துருறது. அங்கன நின்னு ஒருக்க வாய்விட்டுக் கத்துனாத்தான் எனக்கு மூச்சே வருது. எம்புட்டோ பேருக்கு வீடு வாங்கிக் குடுத்தாச்சு. நமக்குத்தான் அமையலை" என்றார். அந்தக் குரலில் அவரைக் கேட்க எனக்குச் சகிக்கவில்லை. நாக்பூர் வரைக்கும் புறாவை விரட்டிய மனிதர், தன் வீட்டில், தன் பெண்டாட்டியிடம், திருடன் மாதிரிப் பேசிக்கொண்டிருக்கிறார். நான் கொண்டுவந்த வசவு முழுக்கத் தொண்டையிலேயே நின்றுவிட்டது.

"இதெல்லாம் ஒரு கண்டிஷனா? நீங்க எதுக்கு ஒத்துக்கிட்டீங்க?" என்றுதான் கேட்டேன். என் சாதாரணக் குரலில்தான் கேட்டேன். உடனே கீழேயிருந்து மாடிப்படிக் கம்பியை யாரோ சாவியால் தட்டினார்கள். "மேல என்ன சத்தம்? ஒரு தடவை சொன்னா ஒறைக்காதா?"

அவ்வளவுதான். நான் படியில் இறங்கினேன். ஓனர் கடை வாசலில் நின்றுகொண்டிருந்தார். பின்னால் அடுக்கடுக்காகச் சரவெடி.

"நீங்க கடையில விக்கிறது என்ன அண்ணாச்சி, அல்வாவா?" என்றேன். "ஊரு ஒலகத்துக் காதையெல்லாம் கிழிக்கிற வெடிய வித்து வயிறு வளப்பீக, மாடியில ஒரு மனுசன் பெண்டாட்டிகிட்ட சோறு கேட்டா ஒங்களுக்குக் காது வலிக்குமோ? அணுகுண்டுக்குக் கூச்சப்படாத காது இவரு கொரலுக்குக் கூச்சப்படுதாக்கும்! வீட்டுக்குத்தான வாடகை வாங்குனீக? வாய்க்குமா வாங்குனீக? தொறந்த கடையில நின்னுக்கிட்டு, குடியிருக்கிறவன் வாய மூடச் சொல்ல ஒங்களுக்கு வெக்கமா இல்ல?"

சூரத், ஹூப்ளி, நாக்பூர் ஓனர்களுக்குச் சேர வேண்டியதையும் சேர்த்து அவருக்கே கொடுத்தேன். தெருவில் ஜன்னல்கள் திறந்தன. மூச்சு வாங்க நான் நிறுத்தியபோது, பின்னால் படியிலிருந்து ஒரு கிசுகிசுப்பு கேட்டது.

"இப்பத்தான் மதினி, அடிவயித்துல இருந்து வருது."

பலன் சீக்கிரமே தெரிந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வளைவுக்குள் ஒரு லோடு ஆட்டோ நுழைந்தது. அதில் ஒரு கட்டில், கிரைண்டர், பாய்ச் சுருள். சாமான்களுக்கு நடுவே பிளாஸ்டிக் வாளியை மடியில் வைத்துக்கொண்டு கூப்புடுதூரத்தின் மனைவி உட்கார்ந்திருந்தார். இவர் மொபெட்டில் வந்தார்.

"நல்லாத் திட்டுனீக மதினி. வீடு காலி" என்றார். குரலில் கொஞ்சமும் வருத்தமில்லை. "வேற எடம் பாத்திருக்கேன். ஊருக்கு வெளிய. போற வழியில சொல்லிட்டுப் போவோம்னு வந்தோம்."

எங்கே என்று கேட்டேன். "கூப்புடு தூரந்தான்" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் ஆட்டோ டிரைவரைப் பார்த்து, "எறக்குங்க சாமானை" என்று கத்தினேன். என் வீட்டுக்காரர் வெளியே வந்தார். என் முகத்தைப் பார்த்தார், ஆட்டோவைப் பார்த்தார், மாடிக்குப் போய் அந்த ஒற்றை அறையின் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "போதுமானதா இருக்கும்" என்றார். திங்கட்கிழமை கொடுப்பதாகச் சொன்ன அட்வான்ஸை இவர் இன்னும் கொடுத்திருக்கவில்லை. அந்த நல்ல ஓனருக்கு அன்றைக்கே போன் போட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

கூப்புடுதூரத்தின் மனைவியை ஏற்றிப்போக மறுநாளிலிருந்து பட்டாசு கம்பெனி வேன் வளைவுக்கே வந்தது. வேனில் வேலைக்குப் போகும் பெண்களோடு இடித்துப் பிடித்து நானும் உட்கார்ந்துகொள்வேன். பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிடுவார்கள். இறங்கும்போது யாராவது, "டீச்சர், கொண்டை அவுந்திருக்கு" என்று சொல்வார்கள். ஓட்டம் நின்றது. வீடு பிழைத்தது.

ஆனால் எனக்குக் கோபம் தீரவில்லை. மாடியில் ஒரு சத்தமும் இல்லை. அவர்கள் வந்து ஒரு வாரமாகியும் ஒரு கூப்பாடு இல்லை, ஒரு வர்ணனை இல்லை. காலையில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படியிறங்கி, வளைவைத் தாண்டிப் போய்த்தான் வாயைத் திறக்கிறார். ஒரு நாள் சாயங்காலம் நான் மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். அறைக்குள்ளிருந்து காற்றாக அவர் குரல் வந்தது. "அந்தத் தட்ட மெதுவா வையி. ஓனரம்மா மாடிக்கு வந்திருக்காக."

ஓனரம்மாவா? நானா?

துணியை அப்படியே போட்டுவிட்டுப் போய் அந்தக் கதவைத் தள்ளித் திறந்தேன். இரண்டு பேரும் எழுந்து நின்றுவிட்டார்கள். அவர்கள் அப்படி எழுந்து நின்றதைப் பார்த்ததும் எனக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. அடிவயிற்றிலிருந்துதான் கத்தினேன்.

"இங்க பாருங்க, என் வீட்டுல குசுகுசுன்னு பேசுற வேலையெல்லாம் வச்சுக்கிடக் கூடாது. ஓனரம்மா, கீனரம்மான்னீகன்னா சாமானைத் தூக்கி வெளிய வச்சிருவேன். மதினின்னு கூப்புடுங்க. வாய்விட்டுக் கூப்புடுங்க."

கூப்புடுதூரம் பெண்டாட்டியைப் பார்த்தார். துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். கூப்பிட்டார்.

ஒரு கை தூரத்தில் நின்ற எனக்கு இரண்டு காதும் அடைத்துப்போனது. இன்னொரு தரம் கூப்பிட மாட்டாரா என்று இருந்தது.